ஸ்லைடர் நகர்கிறது, திரை அசையவில்லை: லினக்ஸ் மிண்ட் போட்ட கேமிங் மடிக்கணினியின் பின்னொளிக் கோளாறு

கருவியும் புகாரும்

விண்டோஸ் 10 உடன் விற்கப்பட்ட ஒரு கேமிங் மடிக்கணினி. 15.6 அங்குலத் திரை, ரைசன் 7 5800ஹெச் செயலி, அதனுள்ளேயே ரேடியான் கிராஃபிக்ஸ், தனியாக ஓர் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060. தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் விண்டோஸ் டிரைவர்கள் மட்டும்தான். லினக்ஸ் பற்றி ஒரு வரி கிடையாது. அதில் லினக்ஸ் மிண்ட் 21.3 சின்னமன் பதிப்பு, 5.15 கர்னலோடு (இயங்குதளத்தின் மையநிரல்) நிறுவப்பட்டிருந்தது. என்விடியா டிரைவர் மிண்ட்டின் டிரைவர் மேனேஜர் வழியாக வந்தது. வைஃபை, ஒலி, டச்பேட் எல்லாம் முதல் நாளே ஓடின. வெளிச்சம் மட்டும் பிடிவாதமாக நின்றது.

விசையை அழுத்தினால் திரையில் வெளிச்சப் பட்டை தோன்றும், ஏறும், இறங்கும். பணிப்பட்டை ஆப்லெட்டில் உள்ள ஸ்லைடரும் நகரும். திரை எப்போதும் முழு வெளிச்சத்திலேயே இருக்கும். அதே கருவியை விண்டோஸில் எழுப்பினால் வெளிச்சம் ஒழுங்காகக் கூடிக் குறைகிறது. ஆகவே பேனல், கேபிள், பின்னொளி மின்சுற்று மூன்றின் மீதும் பழி போட இடமில்லை.

ஏற்கெனவே செய்து பார்த்த வைத்தியங்கள் இரண்டு. இணையத்தில் கிடைத்த இரண்டு கர்னல் அளவுருக்கள் (தொடக்கத்தில் கர்னலுக்குத் தரும் அமைப்புச் சொற்கள்) க்ரப் எனும் தொடக்க நிரலின் கோப்பில் ஒட்டப்பட்டிருந்தன: ஏசிபிஐ_பேக்லைட்=வீடியோ, ஏசிபிஐ_ஓஎஸ்ஐ=லினக்ஸ். பிறகு 6.5 கர்னலும் போட்டுப் பார்க்கப்பட்டு, பயனில்லை என்று மறுபடி 5.15க்கே திரும்பியாயிற்று. இந்த இரண்டாவது தகவலை நினைவில் வையுங்கள். கோளாறின் பாதி விடை அதற்குள்தான் இருக்கிறது.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடத்தைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

விசையிலிருந்து விளக்கு வரை

வெளிச்ச விசை நேரடியாகத் திரையின் பின்னொளி விளக்கோடு பேசுவதில்லை. விசை அழுத்தம் முதலில் ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் நிரல்) வழியாகக் கர்னலுக்கு ஒரு நிகழ்வாக வருகிறது. கர்னல் அதை டெஸ்க்டாப்புக்குத் தருகிறது. டெஸ்க்டாப் புதிய அளவைக் கணக்கிட்டு, /சிஸ்/கிளாஸ்/பேக்லைட் அடைவில் உள்ள ஏதோ ஒரு சாதனத்தின் கோப்பில் எழுதுகிறது. அந்தச் சாதனத்தின் டிரைவர் எண்ணை வாங்கி, பின்னொளிக்குப் போகும் மின்துடிப்பின் அகலத்தை மாற்றச் சொல்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: வெளிச்சம் மாறவில்லை. எந்தக் கண்ணி என்று தெரியாமல் அளவுரு ஒட்டுவது, எந்த அறையில் விளக்கு எரியவில்லை என்று பார்க்காமல் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ் மாற்றுவதற்குச் சமம்.

சிக்கலின் வேர் 'ஏதோ ஒரு சாதனம்' என்ற இடத்தில் இருக்கிறது. ஒரே திரைக்கு மூன்று நான்கு பேர் பின்னொளி உரிமை கேட்டு நிற்கலாம். ஃபர்ம்வேரின் ஏசிபிஐ அட்டவணை (வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் பட்டியல்) வழியாக வருவது ஏசிபிஐ_வீடியோ0. ரேடியான் சிப்பின் சொந்தக் கட்டுப்பாடு ஏஎம்டிஜிபியு_பிஎல்0. இன்டெல் சிப்பானால் இன்டெல்_பேக்லைட். என்விடியா டிரைவர் தானே பதிவு செய்வது என்விடியா_0. இவை போக, விசைப்பலகை, விசிறி, சார்ஜ் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சின்னச் சிப்பே பின்னொளியையும் கையில் வைத்திருக்கும் மாடல்கள் உண்டு. அவற்றில் வர வேண்டியது என்விடியா_டபிள்யூஎம்ஐ_இசி_பேக்லைட். இத்தனை பேர் கையெழுத்துப் போட வந்தாலும் உண்மையில் கம்பி போயிருப்பது ஒருவரிடம்தான்.

முதல் சோதனை: விசை வருகிறதா?

பட்டை தோன்றுகிறது என்பதே விசை வருவதற்குச் சான்று. ஆகவே இந்த வழக்கில் இதற்கு ஒரு நிமிடம் போதும். பட்டையே தோன்றாத கருவியானால் ஈவிடெஸ்ட் என்ற நிரலை நிறுவி, சூடோவோடு (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) இயக்கி, பட்டியலில் 'வீடியோ பஸ்' என்ற பெயருள்ள சாதனத்தைத் தேர்ந்தெடுத்து விசையை அழுத்திப் பாருங்கள். குறைக்கும் விசைக்கு 224, கூட்டும் விசைக்கு 225 என்ற குறியெண் வர வேண்டும். அங்கே வராவிட்டால் விசைப்பலகைச் சாதனத்தையும் பாருங்கள். சில கருவிகளில் அந்த வழியாக வரும். எங்குமே வராவிட்டால் அது வேறு வழக்கு. பின்னொளிப் பக்கம் தலை வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது சோதனை: கோப்பில் நேரடியாக எழுதுதல்

டெஸ்க்டாப்பை ஒதுக்கிவிட்டு, கர்னல் கோப்போடு நேராகப் பேச வேண்டும்.

எல்எஸ் -எல் /சிஸ்/கிளாஸ்/பேக்லைட்

இந்தக் கருவியில் வந்தது ஒரே வரி: ஏசிபிஐ_வீடியோ0. அந்த வரியின் வலப்பக்கம் அது எந்தப் பிசிஐ சாதனத்தின் கீழ் தொங்குகிறது என்ற பாதையும் தெரியும். இங்கே அது 0000:01:00.0. பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் 01:00.0 என்விடியா. ரேடியான் கிராஃபிக்ஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இது பெரிய துப்பு. பயாஸில் (ஃபர்ம்வேரின் அமைப்புத் திரை) கிராஃபிக்ஸ் முறை 'டிஸ்க்ரீட்' என்று வைக்கப்பட்டிருக்கிறது; மக்ஸ் எனும் திசைமாற்றி உள்திரையை நேராக என்விடியாவோடு இணைத்துவிட்டது; ரேடியான் அணைந்துபோனது. ரேடியான் இல்லையென்றால் ஏஎம்டிஜிபியு_பிஎல்0 வர வழியே இல்லை.

சாதன அடைவுக்குள் நான்கு கோப்புகளைப் பார்த்தால் போதும். மேக்ஸ்_பிரைட்னஸ் உச்ச எண், இங்கே 100. பிரைட்னஸ் கேட்கப்பட்ட அளவு. ஆக்சுவல்_பிரைட்னஸ், வன்பொருளைக் கேட்டு வாங்கிய அளவு. டைப் கோப்பில் ஃபர்ம்வேர், பிளாட்ஃபார்ம், ரா என்ற மூன்றில் ஒன்று இருக்கும், இங்கே ஃபர்ம்வேர்.

அந்த அடைவுக்குள் போய் இந்த ஒரு வரியைத் தட்டுங்கள்:

எக்கோ 30 | சூடோ டீ பிரைட்னஸ்; ஸ்லீப் 5; எக்கோ 100 | சூடோ டீ பிரைட்னஸ்

ஒரே வரியில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில பேனல்களில் மிகக் குறைந்த எண் பின்னொளியை முழுக்க அணைத்துவிடும். இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு மீட்புக் கட்டளையைத் தேட வேண்டியிருக்கும். ஐந்து நொடியில் தானே மீளும்படி எழுதினால் அந்தக் கவலை இல்லை. சோதனைக்குச் சுழியத்தை எழுதவே வேண்டாம்; உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். தப்பித் தவறி இருண்டுபோனால் டார்ச் வெளிச்சத்தைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் கருவி உயிரோடுதான் இருக்கிறது, பின்னொளி மட்டுமே அணைந்திருக்கிறது.

இன்னொரு பொறி: 'சூடோ எக்கோ 30 > பிரைட்னஸ்' என்று எழுதினால் அனுமதி இல்லை என்று பதில் வரும். எக்கோதான் நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது. அம்புக்குறிக்கு அப்பால் கோப்பைத் திறப்பது சாதாரணப் பயனரின் ஷெல் (கட்டளைகளை வாங்கும் நிரல்). டீ கட்டளை அதற்குத்தான்: சூடோவோடு ஓடும் அதுவே கோப்பைத் திறக்கும். இந்தப் பிழைச்செய்தியைப் பார்த்துவிட்டு 'கர்னல் தடுக்கிறது' என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம்.

இந்தக் கருவியில் எழுதிய எண் ஏற்கப்பட்டது. ஆக்சுவல்_பிரைட்னஸும் 30 என்றே சொன்னது. திரை மாறவில்லை. ஆக, டெஸ்க்டாப் மீது குற்றமில்லை. கோப்புக்கும் விளக்குக்கும் இடையில் கம்பி இல்லை. ஃபர்ம்வேர் எண்ணை வாங்கிக் குறித்துக்கொண்டு, கேட்டால் அதையே திருப்பிச் சொல்கிறது. ஆக்சுவல் என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. இந்தச் சோதனையில் சாட்சி கண் ஒன்றுதான்.

ஃபர்ம்வேர் ஏன் இப்படி நடிக்கிறது?

விண்டோஸ் 7 காலம் வரை ஏசிபிஐ வழிதான் பெருவழி. பல கருவிகளில் அது உண்மையாகவே வேலை செய்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபின் விண்டோஸ் கிராஃபிக்ஸ் டிரைவர் வழியாகவே பின்னொளியை இயக்கத் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் ஏசிபிஐ அட்டவணையில் வெளிச்சப் படிகளை எழுதி வைப்பதை நிறுத்தவில்லை. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பார்க்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. அவர்கள் சோதிக்கும் இயங்குதளம் அந்த வழியைத் தொடுவதே இல்லையே.

லினக்ஸ் கர்னல் இதை அறியும். தொடங்கும்போது ஃபர்ம்வேர் 'நீ விண்டோஸ் 2012ஆ?' (விண்டோஸ் 8க்கு ஏசிபிஐயில் உள்ள பெயர்) என்ற பாணியில் கேட்கும். கர்னல் ஆம் என்று பதில் சொல்லும். அப்படிக் கேட்கும் ஃபர்ம்வேரானால் கிராஃபிக்ஸ் டிரைவரின் சொந்த வழியை முன்னே வைத்து, ஏசிபிஐ_வீடியோவைக் கர்னல் விலக்கிவிடும். சொந்த வழி என்று எதுவுமே பதிவாகாதபோது மட்டும் வேறு கதியின்றி ஏசிபிஐ_வீடியோ0 நிற்கும். நம் கருவியில் நடந்தது அதுதான். ரேடியான் அணைந்திருக்கிறது, என்விடியா டிரைவர் எதையும் பதிவு செய்யவில்லை, எஞ்சியது ஒரு பொம்மை ஸ்லைடர்.

ஒட்டப்பட்ட அளவுருக்கள் இரண்டும் இந்த இடத்தில் என்ன செய்கின்றன? ஏசிபிஐ_ஓஎஸ்ஐ=லினக்ஸ் என்றால், 'நீ லினக்ஸா' என்று ஃபர்ம்வேர் கேட்டால் ஆம் என்று சொல்லும்படி கர்னலைப் பணிப்பது. பெரும்பாலான ஃபர்ம்வேர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வீண் வரி, அவ்வளவே. ஏசிபிஐ_பேக்லைட்=வீடியோ என்றால், வேறு எவர் வந்தாலும் ஏசிபிஐ_வீடியோவையே நிறுத்து என்ற கட்டளை. பொம்மைக்கே பட்டம் கட்டியாயிற்று.

இவற்றைவிடக் கெடுதல் ஏசிபிஐ_ஓஎஸ்ஐ வழியாக 'விண்டோஸ் 2009' (அதாவது விண்டோஸ் 7) என்று பொய் சொல்ல வைப்பது, அல்லது எல்லா விண்டோஸ் பெயர்களையும் மறுக்கச் சொல்வது. பழைய கருவிகளில் வெளிச்சம் திரும்ப வந்தது உண்மை. புதிய கருவியில் இதைச் செய்தால் ஃபர்ம்வேர் தன்னைப் பழைய விண்டோஸுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். டச்பேட் காணாமல் போகலாம், என்விடியா சிப் தூங்க மறுத்து மின்கலத்தைத் தின்னலாம். வெளிச்சத்துக்காக டச்பேடை இழந்தவர்கள் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. தனித்தனி ஊரில் தீர்வு தேடுகிறார்கள்.

உண்மையில் கம்பி யாரிடம்?

இந்த வகைக் கருவிகளில் பின்னொளி எம்பெடட் கன்ட்ரோலரிடம் இருக்கக்கூடும் என்பதற்கு ஃபர்ம்வேரே ஒரு அடையாளம் வைத்திருக்கிறது. டபிள்யூஎம்ஐ என்ற இடைமுகத்தில் ஒரு நீண்ட அடையாள எண். அதைப் பார்க்க:

எல்எஸ் /சிஸ்/பஸ்/டபிள்யூஎம்ஐ/டிவைசஸ்

பட்டியலில் 603இ9613 என்று தொடங்கும் பெயர் இருந்தால், என்விடியா இருசிப் கருவிகளுக்கான வெளிச்ச இடைமுகம் உங்கள் ஃபர்ம்வேரில் உண்டு. இந்தக் கருவியில் இருந்தது. அதனோடு பேசும் கர்னல் டிரைவரின் பெயர் என்விடியா-டபிள்யூஎம்ஐ-இசி-பேக்லைட். அது கர்னலுக்குள் வந்தது 5.16 பதிப்பில், 2022 ஜனவரியில். மிண்ட் 21.3 தரும் இயல்பான கர்னல் 5.15. ஒரே ஒரு பதிப்பு தூரத்தில் விடை நின்றுகொண்டிருந்தது.

இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை, எதையும் மாற்றுவதுமில்லை. கர்னலைத் தொடுமுன் இதைச் செய்தால் போதும். மாற்றுவதில் பயன் உண்டா என்று கையோடு தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அடையாள எண் இருப்பதால் மட்டும் டிரைவர் பொறுப்பேற்காது. டிரைவர் முதலில் ஃபர்ம்வேரிடம் 'இப்போது பின்னொளி யார் கையில்' என்று கேட்கும். எம்பெடட் கன்ட்ரோலர் என்ற பதில் வந்தால்தான் பதிவாகும்; கிராஃபிக்ஸ் சிப் என்றால் ஒதுங்கிக்கொள்ளும். பயாஸில் முறையை மாற்றும்போது இந்தப் பதிலும் மாறலாம்.

6.5 கர்னல் முன்பு ஏன் தோற்றது?

டிரைவர் 6.5இல் இருக்கிறது. அடையாள எண் கருவியில் இருக்கிறது. ஆனாலும் அன்று வேலை செய்யவில்லை. காரணம் க்ரப் கோப்பில் மறக்கப்பட்டுக் கிடந்த அந்த ஒட்டு வரி.

2022 டிசம்பரில் வெளியான 6.1 கர்னலில் பின்னொளிப் பதிவு முறையே திருத்தி எழுதப்பட்டது. அதற்கு முன் ஏசிபிஐ_வீடியோ0, ஏஎம்டிஜிபியு_பிஎல்0 இரண்டும் ஒரே அடைவில் அருகருகே நிற்பது சாதாரணம். எதை எடுப்பது என்பது டெஸ்க்டாப்பின் பாடு. டைப் கோப்பைப் பார்த்து ஃபர்ம்வேர், பிளாட்ஃபார்ம், ரா என்ற வரிசையில் தேர்ந்தெடு என்பதுதான் கர்னல் ஆவணத்தின் அறிவுரை. 6.1 முதல் ஒரு திரைக்கு ஒரு சாதனம் என்ற கொள்கை. யார் என்பதைக் கர்னலே ஓரிடத்தில் தீர்மானிக்கிறது. மற்ற டிரைவர்கள் அந்தத் தீர்ப்பைக் கேட்டு விலகிக்கொள்கின்றன. பயனர் ஏசிபிஐ_பேக்லைட் அளவுரு கொடுத்திருந்தால் விசாரணையே இல்லை, அதுவே தீர்ப்பு.

அந்த அளவுரு 'வீடியோ' என்றது. கர்னல் ஏசிபிஐ_வீடியோ0வை நிறுத்தியது. சரியான டிரைவர் வந்து, தன் முறை இல்லை என்று கண்டு, எந்தச் செய்தியும் விடாமல் திரும்பிப் போயிற்று. பதிவேட்டில் பிழை என்று ஒன்றும் விழவில்லை. வெளியே தெரிந்த அறிகுறியும் 5.15இல் இருந்ததேதான். கர்னல் மாற்றியும் பயனில்லை என்று எவரும் சொல்லியிருப்பார்கள்.

அதனால்தான் கர்னல் மாற்றுமுன் அளவுரு கழிப்பு. இப்போது ஓடும் கர்னலுக்கு என்னென்ன அளவுருக்கள் போயின என்பதை க்ரப் கோப்பைப் பார்த்து ஊகிக்காமல் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைக் கேட் கட்டளையால் படித்து உறுதி செய்யுங்கள். கோப்பைத் திருத்திவிட்டு அப்டேட்-க்ரப் ஓட்ட மறந்தவர்களுக்கு அங்கே உண்மை தெரியும்.

செய்த மாற்றம், வரிசைப்படி

/இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்தபின், க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட் என்று தொடங்கும் வரி திருத்தப்பட்டது. அந்தப் பெயர் முழுவதும் பேரெழுத்து. மேற்கோளுக்குள் 'க்வயட் ஸ்ப்ளாஷ்' மட்டும் மிச்சம் வைத்து மற்ற இரண்டும் நீக்கப்பட்டன. பிறகு சூடோ அப்டேட்-க்ரப்.

மிண்ட்டின் அப்டேட் மேனேஜரைத் திறந்து, காட்சி மெனுவில் லினக்ஸ் கர்னல்கள் பகுதிக்குப் போய் 6.5 வரிசையின் கடைசிப் பதிப்பு நிறுவப்பட்டது. 5.15ஐ நீக்கவில்லை, நீக்கவும் கூடாது. புதியது எழும்பாவிட்டால் க்ரப் பட்டியலில் மேம்பட்ட தேர்வுகள் வழியாகப் பழையதற்குத் திரும்ப அது வேண்டும்.

இங்கே கால் இடறும் இடம் என்விடியா டிரைவர். புதிய கர்னலுக்கு அது மறுபடி கட்டப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற நிரல் அதைத் தானே செய்யும், கர்னல் ஹெடர் தொகுப்பு (டிரைவர் கட்டத் தேவையான கோப்புகள்) இருந்தால். முடிந்ததும் மறுதொடக்கத்துக்கு முன் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' தட்டி, 6.5க்கு நேரே நிறுவப்பட்டது என்று வருகிறதா எனப் பாருங்கள். டிஸ்க்ரீட் முறையில் உள்திரை என்விடியாவை மட்டுமே நம்பியிருப்பதால் டிரைவர் கட்டப்படாமல் மறுதொடக்கம் செய்தால் டெஸ்க்டாப் எழாமலே போகலாம். செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இன்னொரு தடை: கையொப்பச் சாவி பதிவாகாத டிரைவர் கட்டப்பட்டாலும் ஏற்றப்படாது. 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' நிலையைச் சொல்லும்.

மறுதொடக்கத்துக்குப் பின் யூனேம் -ஆர் 6.5 காட்டியது. பின்னொளி அடைவில் ஏசிபிஐ_வீடியோ0 இல்லை. என்விடியா_டபிள்யூஎம்ஐ_இசி_பேக்லைட் மட்டும், உச்ச எண் 255. எக்கோ சோதனையில் 80 எழுதியதும் திரை மங்கியது. விசையும் ஸ்லைடரும் எந்த அமைப்பும் தொடாமலே வேலை செய்தன.

முதல் தடவை எழும்போது வெளிச்சம் முழு அளவில் இருந்தால் பதற வேண்டாம். அணைக்கும்போது அளவைச் சேமித்து, எழும்போது மீட்டுவைப்பது சிஸ்டம்டி என்ற சேவை நிர்வாகியின் வேலை. /வார்/லிப்/சிஸ்டம்டி/பேக்லைட் அடைவில் சாதனத்துக்கு ஒரு கோப்பாக அது சேமிக்கிறது. புதிய சாதனத்துக்கு இன்னும் கோப்பு இல்லை. ஒருமுறை ஒழுங்காக அணைத்து எழுப்பினால் சரியாகிவிடும். மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தால் சேமிக்க வாய்ப்பே கிடைக்காது.

கர்னல் மாற்ற மனமில்லாதவர்களுக்கு

பயாஸில் கிராஃபிக்ஸ் முறையை ஹைப்ரிட் ஆக்கினால் ரேடியான் எழும், உள்திரை அதோடு இணையும், ஏஎம்டிஜிபியு_பிஎல் சாதனம் வரும். 5.15இலேயே வேலை முடிந்துவிடும், ஒட்டு அளவுருக்களை மட்டும் கழித்துவிட்டால். மின்கலமும் கூடுதல் நேரம் தாங்கும். விலை: விளையாட்டில் என்விடியா வரைந்த ஒவ்வொரு சட்டகமும் ரேடியான் வழியாகத் திரைக்குப் போவதால் வேகம் கொஞ்சம் குறையும். அலுவலக வேலை, படிப்பு, நிரலெழுதுதல் என்றால் ஹைப்ரிட்தான் சரி. இந்தக் கருவியின் உரிமையாளருக்கு விளையாட்டு வேகம் வேண்டும், அதனால் டிஸ்க்ரீட் நீடித்தது.

ஹைப்ரிடில் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் சாதனப் பெயரின் கடைசி எண்ணை நம்பக் கூடாது. எந்தச் சிப் முதலில் பதிவாகிறதோ அதைப் பொறுத்து ஒரு நாள் பிஎல்0, மறுநாள் பிஎல்1. டெர்மினலிலிருந்து வெளிச்சத்தை மாற்றும் பிரைட்னஸ்சிடிஎல் நிரலில் -டி தேர்வுக்குப் பின் ஏஎம்டிஜிபியு_பிஎல்* என்று நட்சத்திரம் வைத்து எழுதினால் தொல்லை இல்லை.

எக்ஸ்ரேண்டர் கட்டளையின் பிரைட்னஸ் தேர்வைத் தீர்வாகச் சொல்பவர்களும் உண்டு. அது படத்தின் நிற எண்களைக் கறுப்பாக்குகிறது. பின்னொளி முழு அளவில்தான் எரியும், மின்சாரமும் மிஞ்சாது. இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பதோடு சரி.

என்விடியா டிரைவரின் ரெஜிஸ்ட்ரிடிவேர்ட்ஸ் தேர்வில் இனேபிள்பிரைட்னஸ்கன்ட்ரோல்=1 எழுதச் சொல்வது இன்னொரு பழைய மருந்து. பின்னொளிக் கம்பி என்விடியா சிப்பிலேயே முடியும் கருவிகளுக்கு அது பொருந்தும். கம்பி எம்பெடட் கன்ட்ரோலரிடம் இருக்கும் கருவியில் அது இல்லாத கைப்பிடியைத் திருகுவது.

வேறு கருவிகளில் இதே அறிகுறி

இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் மட்டும் உள்ள கருவியில் ஏசிபிஐ_வீடியோ0 பொம்மையாக நின்றால், ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் (சிப்பின் சொந்த வழி) என்பதே முதலில் முயல வேண்டியது. 6.1க்குப் பிந்திய கர்னலில் இதற்கான தேவை அரிது. நிரந்தரமாக எழுதுமுன் ஒருமுறைச் சோதனை: க்ரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் அளவுருவைச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். அடுத்த தொடக்கத்தில் அது மறைந்துவிடும், கெட்டாலும் நட்டமில்லை.

விண்டோஸ் 7 காலக் கருவியில் தலைகீழாக நடக்கலாம்: கிராஃபிக்ஸ் சிப்பின் சொந்த வழி செத்திருக்கும், ஏசிபிஐ_வீடியோதான் உண்மையானதாக இருக்கும். அங்கே 'வீடியோ' சரியான விடை. நம் கருவியில் ஒட்டப்பட்ட வரி இப்படிப்பட்ட ஒரு கருவிக்காக என்றோ எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புள்ளிகள் தாமே ஒளிரும் ஓலெட் திரைக்குப் பின்னொளியே கிடையாது. சில புதிய திரைகள், ஓலெட் பலவும் சேர்த்து, துடிப்பு அகலத்துக்குப் பதில் டிஸ்ப்ளேபோர்ட்டின் துணைத் தடம் வழியாக வெளிச்சக் கட்டளையை எதிர்பார்க்கின்றன. கர்னல் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாதபோது இன்டெலுக்கு ஐ915.இனேபிள்_டிபிசிடி_பேக்லைட்=1, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு.பேக்லைட்=1. பின்னதில் சுழியம் என்றால் துடிப்பு வழி, 1 என்றால் துணைத் தடம்.

மிச்சமிருக்கும் ஒரு தொல்லை

இருசிப் கருவிகளில் சில மாடல்களின் ஃபர்ம்வேர் 'எம்பெடட் கன்ட்ரோலர்' என்று சொல்லிவிட்டு, நடைமுறையில் சில நேரம் ரேடியானிடமே பின்னொளியைக் கொடுத்து வைக்கிறது. பழைய கர்னலில் இரண்டு சாதனங்களும் தெரிந்ததால் எது வேலை செய்கிறதோ அதைப் பயன்படுத்த முடிந்தது. 6.1.4 முதல் ஃபர்ம்வேர் சொன்னதை நம்பி ஒன்று மட்டுமே பதிவாகிறது. அது தவறானதாக இருந்தால் மாற்று இல்லை. இதற்கென்றே டிரைவரில் ஒரு தேர்வு சேர்க்கப்பட்டது. இரண்டு அளவுருக்களையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்:

ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் என்விடியா-டபிள்யூஎம்ஐ-இசி-பேக்லைட்.ஃபோர்ஸ்=1

முதலாவது ரேடியானின் சாதனத்தை வரவழைக்கும், இரண்டாவது எம்பெடட் கன்ட்ரோலர் டிரைவரை விலகாமல் நிறுத்தும். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். பிறகு வெளிச்ச விசைகளுக்கு விசைப்பலகை அமைப்பில் தனிக் குறுக்குவழி வைத்து, பிரைட்னஸ்சிடிஎல் வழியாக இரண்டு சாதனங்களுக்கும் ஒரே சதவீதத்தை எழுதச் செய்யலாம். இரண்டின் உச்ச எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று கட்டாயமில்லை. ஆகவே எண்ணாக எழுதாமல் சதவீதமாக எழுதுங்கள்.

பயாஸ் புதுப்பித்தபின் வெளிச்சம் மறுபடி நின்றால் முதலில் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் முறை. புதுப்பிப்பு பயாஸ் அமைப்புகளை ஆலை நிலைக்குத் திருப்பிவிடுவதுண்டு. டிஸ்க்ரீட் ஹைப்ரிட் ஆகியிருக்கும், அடைவில் நிற்கும் சாதனமும் மாறியிருக்கும், பழைய பெயரை எழுதி வைத்த ஸ்கிரிப்ட் காற்றில் எழுதிக்கொண்டிருக்கும்.